எலியா பெயிண்டர் வரைந்த கடல்

இராமேஸ்வரம் ஜெட்டியின் நுனியில் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தி, "இந்தத் தண்ணீரில் இந்தியா எங்கே முடிகிறது, காட்டுங்கள்" என்று கேட்டால், எந்தப் பக்கம் கையை நீட்டுவீர்கள்?

உங்களால் முடியாது. என்னாலும் முடியாது. அங்கே வேலி இல்லை, கல் இல்லை, கயிறு கூட இல்லை. ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டினான் என்று சொல்லி மனிதனைச் சுட முடிகிறது. செத்தவன் தாண்டித்தான் செத்தான் என்று மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுத முடிகிறது. கடலையே பார்க்காத ஒருவருக்குக் கோடு தெரிகிறது, கடலிலேயே பிறந்தவனுக்குத் தெரியவில்லை என்றால், கண் எங்கே கெட்டிருக்கிறது என்று யோசிக்க வேண்டாமா?

இரண்டு அரசாங்கங்கள் காகிதத்தில் அந்தக் கோட்டைப் போட்டது 1974இல். அதே வருஷம், பாம்பன் பாலத்தைத் தாண்டி வந்த ரயிலிலிருந்து இடது காலை இழுத்துக்கொண்டு ஒரு மனிதர் இராமேஸ்வரத்தில் இறங்கினார். கையில் தகரப் பெட்டி, அதற்குள் தூரிகைகள். வயது நாற்பதுக்குப் பக்கம். பெயர் எலியா. கொச்சியில் பிறந்த யூதர்.

அவருடைய அப்பா, அம்மா, தம்பி, தங்கை எல்லோரும் அவர் இளைஞனாக இருந்தபோதே புண்ணிய பூமிக்குக் கப்பலேறிவிட்டார்கள். இவரை மட்டும் ஏற்றவில்லை. டாக்டர் இவர் காலைப் பார்த்தார். யானைக்கால். பட்டியலில் பெயரை அடித்துவிட்டார். இரண்டாயிரம் வருஷம் அந்த மண்ணை நினைத்து அழுத வம்சத்தில் வந்தவனை, ஒரு கொசு கடித்த கடியில் கடவுள் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்கு அப்புறமும் எலியா அந்தக் கடவுளைக் கைவிடவில்லை. இது எனக்கு என்றைக்கும் புரியாத விஷயம்.

லாட்ஜ் ஒன்றுக்குப் பெயர்ப்பலகை எழுத வந்தவர், படகுகளுக்குப் பெயரும் நம்பரும் எழுத ஆள் இல்லை என்று கண்டு தங்கிவிட்டார். எலியா என்ற பெயரைக் கேட்ட கிறிஸ்தவர்கள் நம் ஆள் என்றார்கள். முஸ்லிம்கள் இல்யாஸ் பாய் என்றார்கள். கோயில் பக்கத்துக்காரர்களுக்கு அவர் மலையாளத்துப் பெயிண்டர், அவ்வளவுதான். யூதன் என்றால் என்ன என்று அந்தத் தீவில் யாருக்கும் தெரியாது. அவரும் விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ஊரில் ஒரே ஒருவன் மட்டும் இருக்கிற மதத்தில் ஒரு வசதி உண்டு. சண்டை போட ஆள் கிடையாது.

ஆனால் மூன்று விஷயங்களில் அவர் மசியவே மாட்டார்.

செதில் இல்லாத மீனைத் தொட மாட்டார். இறால், நண்டு, கணவாய், திருக்கை, சுறா ஒன்றும் ஆகாது. இராமேஸ்வரத்தில் இருந்துகொண்டு இப்படி ஒரு விரதம். நம்பர் எழுதியதற்காகப் படகுக்காரர்கள் அன்போடு கொண்டுவந்து கொடுக்கும் இறாலை அப்படியே திருப்பிக் கொடுப்பார்.

இரண்டாவது, சனிக்கிழமை வேலை செய்ய மாட்டார். வெள்ளிக்கிழமை சூரியன் விழுந்தால் தூரிகையைக் கீழே வைப்பார். மறுநாள் சூரியன் விழும் வரை எடுக்க மாட்டார். விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகலாம் என்பது கட்டுப்பாடு. மற்ற நாள் நாட்டுப்படகுகளுக்கு. விசைப்படகின் மூன்று நாளில் சனிக்கிழமையும் ஒன்று. ஆகவே வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் எல்லோரும் நம்பர் அழிந்துவிட்டது, பெயர் உரிந்துவிட்டது என்று அவரிடம் ஓடி வருவார்கள். ஒரு தடவை 'ஆரோக்கிய அன்னை' என்ற படகு 'ஆரோக்' என்ற பெயரோடு கடலுக்குப் போய் வந்தது. மிச்ச எழுத்துகளை ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுதினார்.

மூன்றாவது, ஒருவர் மட்டும் சொன்னதை நம்ப மாட்டார். "ஒரு உயிர் விஷயம்னா ரெண்டு சாட்சி வேணும். எங்க வேதத்துல அப்படித்தான்" என்பார். டீக்கடை வம்புக்குக் கூட இரண்டு சாட்சி கேட்கிற மனிதர்.

பாம்பனை அடுத்த அக்காள்மடத்துக் குருநாதனுக்கு இவரைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது. விசைப்படகில் வேலை பார்த்த கடலோடி. பெரிய சிரிப்புக்காரர்.

"ஏண்ணே, கணவாய் திங்காதவருக்கு இந்த ஊர்ல என்ன சோலி? திருப்பதிக்குப் போயி லட்டு திங்க வேண்டியதுதான?"

"கணவாய்க்குச் செதில் மொளைக்கட்டும். அப்புறம் திங்கேன்."

"சனிக்கிழமை மட்டும் ஏண்ணே படுத்தே கெடக்கீக?"

"ஆறு நாள்ல உலகத்தப் படைச்சிட்டு ஏழாம் நாள் ஆண்டவன் ஓய்வு எடுத்தான்."

"ஆண்டவன் இன்னும் எந்திரிக்கலண்ணே. ஊரு கெடக்குற கெடப்பப் பாத்தாத் தெரியலையா?"

எலியா சிரித்துவிடுவார். குருநாதனின் மனைவி பூமயில் மட்டும், "விடுங்க, பெரிய மனுசர அப்பிடிப் பேசாதீக" என்று கண்டிப்பாள். கண்டித்துவிட்டு, செதில் உள்ள மீனாகப் பார்த்து ஒன்று குழம்பு வைத்துக் கொடுத்தனுப்புவாள்.

எண்பத்துமூன்றில் அக்கரையில் போர் மூண்டது. இக்கரைக்கு அகதிகள் வந்தார்கள். அப்புறம் துப்பாக்கிச் சத்தமும் வந்தது. மீன் பிடிக்கப் போனவர்களை ரோந்துப் படகுகள் மடக்கின. வலையை அறுத்தன, அடித்தன, சுட்டன. யார் சுட்டது என்று கேட்டால் ஒருவரை ஒருவர் கை காட்டினார்கள். குண்டு மட்டும் வந்துகொண்டே இருந்தது.

எலியாவுக்கு எதைக் கண்டாலும் படமாகத்தான் வரும். படகின் பின்பக்கத்தில் நம்பருக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கேலிச் சித்திரம் போட ஆரம்பித்தார். தொப்பை பெருத்த சிப்பாய் ஒருவன், பீரங்கியைத் தூக்கிக்கொண்டு ஒரு சாளை மீனைத் துரத்துவான். இன்னொரு படகில், சாளை கையைத் தூக்கிச் சரணடையும், சிப்பாய் அதனிடம் பாஸ்போர்ட் கேட்பான். இருபது முப்பது படகுகளில் அந்தப் படங்கள் கடலுக்குப் போயின. பார்க்க வேண்டியவர்கள் பார்த்தார்கள். ஒரு நாள் ஒரு படகு திரும்பி வந்தபோது சித்திரத்துச் சிப்பாயின் மூக்கு இருந்த இடத்தில் ஓட்டை. தன் படத்துக்குக் கிடைத்த முதல் விமர்சனம் என்று எலியா அதைத் தடவிப் பார்த்தார். படகுக்காரர் சிரிக்கவில்லை. இனி படகில் படம் வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து சொல்லிவிட்டார்கள்.

அந்தக் காலத்தில்தான் அவர் யூதர் என்ற விஷயம் ஊரில் பரவியது. பேப்பர் படிக்கிற ஒரு பையன்கள் கூட்டம் வந்து மடக்கியது.

"உங்க இஸ்ரேல் ஆளுகதான் அக்கரைப் பட்டாளத்துக்குப் பயிற்சி குடுக்குறாகளாமே? பேப்பர்ல போட்ருக்கான்."

எலியா வேட்டியை முழங்கால் வரை தூக்கி, வீங்கிய காலைக் காட்டினார்.

"இந்தக் காலப் பார்த்து நீ வேண்டாம்னு விட்டுட்டுப் போனவுக எனக்கு எப்படிடா ஆளு? எனக்குக் கொழம்பு குடுத்தவுக அக்காள்மடத்துல இருக்காக. அவுகதான் என் ஆளு."

1991இல் ஒரு நாள் மதியம், போன படகு ஒன்று வேகமாகத் திரும்பி வந்தது. போனவர்கள் ஐந்து பேர். வந்தவர்கள் நாலு பேர். குருநாதன் மார்பில் குண்டு பாய்ந்து கடலுக்குள் விழுந்துவிட்டார். குண்டு நின்றபாடில்லை, உடலைத் தேட முடியவில்லை.

பூமயில் கடல் சம்பந்தப்பட்ட ஒரு அலுவலகத்துக்கு அலைய ஆரம்பித்தாள். அந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். எந்தப் பெயரை எழுதினாலும் நீங்கள் ஆச்சரியப்படப் போவதில்லை. அங்கே குருநாதனைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தார்கள்: 'எல்லை தாண்டிச் சென்று காணாமல் போனவர்.' சுட்டார்கள் என்று இல்லை. செத்தார் என்றும் இல்லை. காணாமல் போனவனுக்குச் சட்டப்படி ஏழு வருஷம் கழித்துத்தான் சாவு. எல்லை தாண்டியவனுக்கு அதற்கு அப்புறமும் நஷ்டஈடு என்று ஒன்றும் கிடையாது.

அந்த அலுவலகத்தின் பெரிய அதிகாரி மீசையைத் தடவிக்கொண்டு அவளிடம் கேட்டார்.

"உடம்பு கெடைக்கலையேம்மா. ஒருவேளை அந்தப் பக்கம் நீந்திப் போய், இன்னொரு குடும்பம் வச்சு சௌக்கியமா இருந்தா?"

பூமயில் வீட்டுக்கு வந்தாள். மூன்றாம் நாள் எலியாவிடம் போய் நின்றாள்.

"அண்ணே, எனக்குக் காசு வேணாம். அவுக ஓடிப் போகல, நம்ம கடல்லதான் சுட்டாகன்னு கவுருமெண்டுல ஒருத்தன் எழுதிக் குடுக்கணும். ஒரே ஒரு வரி. அது கெடைக்காம நான் இந்தத் தாலிய என்ன செய்யன்னு தெரியலண்ணே. கழட்டவா, போட்டுக்கிட்டே திரியவா?"

எலியாவிடம் பெயிண்ட்தான் இருந்தது. சுவர் அந்த அலுவலகத்திலிருந்தே வந்தது.

தொண்ணூற்றுமூன்றில் பெரிய அதிகாரிக்கு ஒரு யோசனை உதித்தது. மீனவர்களுக்கு எல்லை தெரியாததால்தான் சாகிறார்கள், ஆகவே அறிவு புகட்ட வேண்டும். ஜெட்டியில் மீன் ஏலக் கூடத்தின் வெளிச்சுவரில் இருபதடி நீளத்துக்குக் கடல் படம் வரைந்து, அதில் சிவப்புக் கோடு போட்டு, 'எல்லை தாண்டாதீர்' என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு எந்த அறிவும் புகட்டத் தேவையில்லை போலிருக்கிறது. அவனுக்கு ஒரு சுவர் கூட ஒதுக்கவில்லை.

வேலை எலியாவுக்கு வந்தது. அலுவலகம் கொடுத்த வரைபடத்தைக் கட்டம் கட்டிப் பெரிதாக்கி, ஒரு இம்மி பிசகாமல் வரைந்தார். இந்தப் பக்கம் கோயில் கோபுரம், பாம்பன், தனுஷ்கோடி. அந்தப் பக்கம் தீவுகள். நடுவே சிவப்புக் கோடு. படகுக்கு அடிக்கிற எனாமல் பெயிண்ட், உப்புக் காற்றுக்கு அசையாதது. மூலையில் திசைகாட்டி போட வேண்டிய இடத்தில் ஒரு மீசைக்கார அதிகாரியை நாலு கைகளோடு வரைந்தார். ஒவ்வொரு கையும் ஒவ்வொரு திசையைக் காட்டியது. திறப்பு விழாவில் பெரிய அதிகாரி அதன் முன்னால் நின்றே பேசினார். அவருடைய ஜீப் டிரைவர் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு அப்பால் போனார்.

விழா முடிந்தது. மீன் நாற்றம் பிடிக்காத அதிகாரிகள் ஒரு வருஷம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அந்த ஒரு வருஷத்தில் எலியா மிச்ச வேலையைச் செய்தார்.

சுடப்பட்ட ஒவ்வொருவருடைய கூட்டாளிகளையும் தேடிப் போனார். எத்தனை பாகம் ஆழத் தண்ணீர், எவ்வளவு நேர ஓட்டம், கோபுர விளக்கு எந்தப் பக்கம் தெரிந்தது என்று கேட்டார். ஆளுக்கொரு நாள், தனித்தனியாகக் கேட்பார். இரண்டு பேர் சொன்னதும் ஒரே இடத்தில் வந்து நின்றால்தான் படத்தில் அந்த இடத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு முகம் வரைவார். ரேஷன் கார்டு போட்டோவை வைத்துக்கொண்டு, மூக்கு, மீசை, வெட்டுத் தழும்பு வரை. குருநாதன் விஷயத்தில் நாலு சாட்சிகளும் ஒன்றாகச் சொன்னார்கள்: ஆறு பாகம் தண்ணீர், முக்கால் மணி நேர ஓட்டம், கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம், நன்றாக உள்ளே. அங்கே குருநாதன் சிரித்துக்கொண்டிருந்தார்.

வருஷம் முடியும்போது முப்பத்தெட்டு முகங்கள். ஏழு முகங்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம். அவர்கள் உண்மையாகவே தாண்டியவர்கள். அவர்களையும் எலியா மறைக்கவில்லை.

"இவுகளையும் இந்தப் பக்கம் போட்டா என்னண்ணே, யாரு அளக்கப் போறா?" என்றார் பெயிண்ட் கடை வாவு முகம்மது.

"பொய்யா ஒண்ணு போட்டா, மிச்சம் முப்பத்தியொண்ணும் பொய்யாயிரும் பாய். அதோட, தாண்டுனா சுடலாம்னு எவன் சொன்னது? இவுக என்ன மீனா, கோட்டத் தாண்டுனா சாக?"

தொண்ணூற்றுநாலில் அமைச்சர் ஒருவர் ஜெட்டியைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. அதிகாரிகள் வேண்டுமென்றே சனிக்கிழமையைக் குறித்தார்கள். ஆண்கள் எல்லாம் கடலுக்குப் போயிருப்பார்கள், கோஷம் போட ஆள் இருக்காது. முந்தின நாள் சாயங்காலம் பெரிய அதிகாரி முன்னேற்பாடு பார்க்க வந்தார். சுவரைப் பார்த்தார். முப்பத்தெட்டு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

எலியாவின் அறை வாசலில் ஜீப் வந்து நின்றபோது மணி ஆறரை. சூரியன் விழுந்து, உள்ளே எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"யோவ் பெயிண்டர், நாளைக்கு மூணு மணிக்கு மந்திரி வர்றாரு. அதுக்குள்ள அந்த மூஞ்சியெல்லாம் அழிச்சாகணும்."

"நாளைக்கு வேலை செய்ய மாட்டேன் சார்."

"ஞாயித்துக்கிழமைதானய்யா உனக்கு லீவு? நாளைக்குச் சனி. உன் சர்ச்சு என்ன ஓடியா போயிரும்?"

"எனக்குச் சர்ச்சு இல்ல சார். சனிக்கிழமைதான்."

"நீ கிறிஸ்டியன்தான?"

"இல்ல சார்."

"அப்ப முஸ்லிமா? அவுகளுக்கு வெள்ளியில்ல?"

"அதுவும் இல்ல சார்."

அதிகாரிக்கு நாள்களே தீர்ந்துவிட்டன. கடைசியில் ஜெயிலில் தள்ளுவேன் என்றார். "தள்ளுங்க சார். அங்கனயும் நாளைக்கு வேலை செய்ய மாட்டேன்" என்றார் எலியா. எனக்கு ஓய்வுநாளிலும் நம்பிக்கையில்லை, அதைக் கட்டளையிட்டவனிடமும் நம்பிக்கையில்லை. ஆனால் எத்தனையோ நூற்றாண்டுகளில் அந்தக் கட்டளையால் ஒரு நல்ல காரியம் நடந்தது என்றால், அந்தச் சனிக்கிழமை நடந்ததுதான்.

காலையில் இரண்டு கான்ஸ்டபிள்கள் சுண்ணாம்பு வாளியோடு வந்தார்கள். முகங்களின் மேல் அப்பினார்கள். எனாமலின் மேல் சுண்ணாம்பு ஒட்டாது என்று யாராவது பெயிண்டரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். பெயிண்டர் எதிரில்தான், பெயிண்ட் கடை வாசலில், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்கவில்லை. பத்து மணிக்குக் கடல்காற்று வீசியது. காய்ந்த சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கான்ஸ்டபிள்களின் மீசையில் விழுந்தது. குருநாதன் மறுபடியும் சிரித்தார்.

பெரிய அதிகாரிக்கு அப்போதுதான் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய யோசனை வந்தது. முகத்தைத்தானே அழிக்க முடியவில்லை? கோட்டை நகர்த்தினால் என்ன? கோட்டை இந்தப் பக்கமாகத் தள்ளிப் போட்டுவிட்டால் முப்பத்தெட்டு பேரும் எல்லை தாண்டியவர்கள். படமும் கெடாது. அலுவலக அறிக்கையும் பொய்யாகாது. குமாஸ்தா கூத்தையாவைக் கூப்பிட்டார்.

"கூத்தையா, நேரா கோடு போட வருமா?"

"லெட்ஜர்ல போடுவேன் சார்."

"இதுவும் அதுதான். சுவத்துல போடு."

பாவம் கூத்தையா. வாவு முகம்மது கடையில் நீல டப்பா ஒன்று, சிவப்பு டப்பா ஒன்று வாங்கினார். பழைய கோட்டை நீலத்தால் மறைத்தார். அதே நீலத்தால் முகங்களையும் மறைத்திருக்கலாம் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. மரச் சட்டத்தைச் சுவரில் வைத்துப் புதுக் கோடு இழுத்தார். கரைக்குப் பக்கமாகச் சாகடிக்கப்பட்டவர்களையும் சேர்க்க வேண்டியிருந்ததால், கோடு கோபுரத்தின் காலடி வரை வந்துவிட்டது. காசியிலிருந்து அக்கினி தீர்த்தத்துக்கு முழுக்குப் போட வருகிறவர்கள் இனி பாஸ்போர்ட்டோடுதான் இடுப்பளவு தண்ணீரில் இறங்க வேண்டும்.

மூன்று மணிக்கு வர வேண்டிய அமைச்சர் நாலு மணிக்கு வந்தார். பின்னால் மாவட்டத்து நிருபர்கள். எதிர்பார்த்தபடி ஆண்கள் யாரும் இல்லை. மீன் காயப்போடும் பெண்கள் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். பெண்கள் கோஷம் போட மாட்டார்கள் என்பது அதிகாரியின் கணக்கு. அது சரிதான். பூமயில் கோஷம் போடவில்லை. சாதாரணமாகத்தான் பேசினாள்.

"அய்யா, ஒரு சந்தேகம்."

"சொல்லும்மா."

"இதா இங்கன சிரிக்கிறாகளே, இவுக எங்க வீட்டுக்காரக. காலையில வரைக்கும் இந்தியாவுலதான் செத்துக் கெடந்தாக. மத்தியானம் சோத்துக்குப் போயிட்டு வந்து பாத்தா சிலோன்ல கெடக்காக. மூணு வருசத்துக்கு முன்னால செத்த மனுசன் எப்பிடிய்யா நீஞ்சிப் போனாக?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஒரு நிருபர் சுவரில் விரலை வைத்து அளந்தார்.

"சார், கோயில்லேர்ந்து ரெண்டு விரல்தான் நம்ம கடல். மிச்சத்தையும் விட்டுக் கொடுத்தாச்சா? எப்ப கையெழுத்தாச்சு?"

கச்சத்தீவு போனதையே மேடைக்கு மேடை பேசி ஓட்டு வாங்கியவர் அமைச்சர். முகம் கறுத்தது.

"யாருய்யா இதைப் போட்டது?"

"பெயிண்டர்தான் சார். வேணும்னே பண்ணிருக்கான்" என்றார் பெரிய அதிகாரி, ஒரு கணமும் யோசிக்காமல்.

எலியா ஸ்டூலிலிருந்து எழுந்து, காலை இழுத்துக்கொண்டு வந்து, இரண்டு கைகளையும் நீட்டினார். நகக்கண்ணில் கூட ஒரு சொட்டு பெயிண்ட் இல்லை.

"இன்னைக்குச் சனிக்கிழமைங்கய்யா. இருபது வருசமா நான் சனிக்கிழமை தூரிகையத் தொட்டதில்ல. ஊர்ல யாரை வேணாலும் கேளுங்க. ரெண்டு பேரக் கேளுங்க."

"ஆமாங்க. நீல டப்பா காலையில ஆபீசுக்குத்தான் போச்சு" என்றார் வாவு முகம்மது.

எல்லோரும் கூத்தையாவைப் பார்த்தார்கள். முழங்கை வரை நீலம். அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். வெள்ளைச் சட்டையின் முதுகிலும் நீலம் ஒட்டிக்கொண்டது.

அமைச்சர் கத்தினார். நிருபர்கள் இருந்ததால் இன்னும் உரக்கக் கத்தினார்.

"நம்ம கடலை அடுத்தவனுக்கு எழுதிக் கொடுக்க நீ யாருய்யா? இந்தப் பசங்க அத்தனை பேரும் செத்தது நம்ம கடல்ல! நம்ம மண்ணுல விழுந்த மாதிரி! கோடு பழைய இடத்துக்கு வரணும். படம் இருந்தது இருந்தபடி இருக்கணும். எழுதிக்க!"

உதவியாளர் எழுதிக்கொண்டார். தாண்டிய ஏழு பேரையும் சேர்த்துத்தான் அமைச்சர் சொன்னார் என்பது வேறு விஷயம். கோபத்தில் அவர் எண்ணிப் பார்க்கவில்லை. முதல் தடவையாக ஒரு அரசாங்கக் காகிதத்தில், அந்த முகங்கள் நம் எல்லைக்குள் செத்தவர்களுடையவை என்று வரி ஏறியது. ஆணை திங்கட்கிழமை வந்தது. எலியா அதற்காகக் காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பழைய கோட்டை அதன் இடத்தில் போட்டு முடித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அவரை விசாரணைக்குக் கூட்டிப் போனார்கள். அரசாங்கம் தப்புச் செய்தால் யாராவது ஒருவரை விசாரித்தாக வேண்டும் அல்லவா? படிவத்தில் மதம் என்ற இடத்தில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், இதர என்று இருந்தது. மூவாயிரம் வருஷத்து மதத்தை 'இதர'வில் ஒரு டிக் அடித்து முடித்தார்கள்.

"நீ இஸ்ரேல் ஆளா, இல்ல புலி ஆளா?"

"ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் எப்படி சார் இருப்பேன்? ஒண்ண முடிவு பண்ணிட்டுக் கேளுங்க, அடுத்ததுக்குப் பதில் சொல்றேன்."

ஐந்து நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். சனிக்கிழமை லாக்கப்பைக் கூட்டச் சொன்னபோது மறுத்ததற்காக இரண்டு அடி விழுந்தது என்று பின்னால் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கேட்காமலேயே கூட்டிக் கொடுத்துவிட்டு வந்தாராம்.

பூமயில் அந்த ஆணையின் நகலை வாங்கிக்கொண்டு ஐந்து வருஷம் அலைந்தாள். ஆணை எண்ணைச் சொல்லிச் சொல்லி அலுவலகத்தில் அவளுக்கே 'ஆணை எண்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1999இல் அந்த ஒரு வரி கிடைத்தது: 'நம் கடல் எல்லைக்குள் சுடப்பட்டு இறந்தார்.' அதைப் படித்துக் காட்டச் சொல்லி எலியாவிடம் கொண்டு வந்தாள். எழுத்துக் கூட்டி அவளாலேயே படிக்க முடியும். இருந்தும் அவரை வாசிக்கச் சொன்னாள். இரண்டாவது தடவை வாவு முகம்மதை வாசிக்கச் சொன்னாள். இரண்டு பேரும் ஒன்றையே வாசித்த பிறகு தாலியைக் கழற்றினாள். அன்றைக்குத்தான் அழுதாள்.

எலியா இந்த வருஷம் ஏப்ரலில் இறந்தார். அடுத்த மாதம் அக்கரையில் போர் முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். அவரைப் புதைக்க இடம் கேட்டுப் போன கதை தனி. ஞானஸ்நானம் வாங்கினாரா என்று ஒரு இடத்தில் கேட்டார்கள். கலிமா சொன்னாரா என்று இன்னொரு இடத்தில் கேட்டார்கள். எந்தச் சாதி என்று மூன்றாவது இடத்தில் கேட்டார்கள். உயிரோடு இருந்தவரை மூன்று பேரும் சொந்தம் கொண்டாடிய மனிதருக்குச் செத்த பிறகு ஆறடி கிடைக்கவில்லை. வாவு முகம்மது பெரியபட்டினத்தில் தன் தென்னந்தோப்பில் ஒரு மூலையை ஒதுக்கினார். அந்தக் கடற்கரையில் எந்தக் காலத்திலோ யூத வணிகர்கள் இருந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. "துணைக்கு ஆள் இருக்கட்டும்" என்றார் வாவு முகம்மது. குழிக்கு முதல் மண் போட்டது பூமயில்.

இப்போது அந்தச் சுவரை இடிக்கப் போகிறார்கள். ஏலக் கூடத்தை விரிவுபடுத்துகிறார்களாம், கழிப்பறை வருகிறதாம். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் முப்பத்தியொரு முகங்களில் குருநாதனையும் சேர்த்து நாலு பேருக்குத்தான் அந்த வரி கிடைத்திருக்கிறது. மிச்சம் இருபத்தேழு பேர் அலுவலகத்தில் இன்னமும் 'காணாமல் போனவர்கள்'தான். கோப்பு கிடைக்கவில்லை என்கிறார்கள். ஆணை எங்கே என்றால் அப்படி ஒரு ஆணையே இல்லை என்கிறார்கள். பூமயில் நகலைக் காட்டினால், மூலம் எங்கே என்கிறார்கள். சுவர் போய்விட்டால் சாட்சியும் போய்விடும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு தபால் அட்டை ஐம்பது காசு. மாவட்ட ஆட்சியர், இராமநாதபுரம் என்று முகவரி எழுதுங்கள். 'ஜெட்டிச் சுவரில் இருக்கும் முகங்களைப் படமெடுத்துப் பதிவு செய்யாமல் சுவரை இடிக்காதீர்கள். இருபத்தேழு பேருக்கும் அந்த ஒரு வரியை எழுதிக் கொடுங்கள்' என்று எழுதுங்கள். இன்றைக்கே எழுதுங்கள். சனிக்கிழமையாக இருந்தாலும் பரவாயில்லை, எலியா மன்னிப்பார். கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, அட்டையைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டி அவரையும் போடச் சொல்லுங்கள். ஒருவர் போதாது. உயிர் விஷயம், இரண்டு சாட்சி வேண்டும்.